வரிசைப்படி வந்த வயிற்றுவலி

கரும்பலகையில் எழுத நான் திரும்பும்போது முதல் பெஞ்சு என்னிலிருந்து ஆறடி தள்ளி இருக்கும். எழுதிவிட்டுத் திரும்பினால் ஐந்தடியில் இருக்கும். இன்னொரு வரி எழுதிவிட்டுப் பார்த்தால் நாலடி. பாடம் முடிவதற்குள் முன் பெஞ்சுப் பையன்களின் முழங்கால் என் முந்தானையை இடிக்கும். வகுப்பின் பின்பாதி, கபடி ஆடலாம் போலக் காலியாகக் கிடக்கும். நாற்பத்து மூன்று பேரும் பால் மணம் மாறாத முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெஞ்சு நகரும் சத்தம் மட்டும் கேட்கவே கேட்காது. பெஞ்சுக் கால்களுக்கெல்லாம் கிழிந்த மீன் வலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், திருவொற்றியூரில் கடலைப் பார்த்த ஒரு போர்டு பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்புக்கு நான் வாத்தியாரம்மாவாக வந்து சேர்ந்த கதை இப்படித்தான் தொடங்கியது. எனக்கு வயது இருபத்திரண்டு. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பயிற்சிப் பள்ளியில் குழந்தைகளின் மனம் பூப்போன்றது என்று இரண்டு வருஷம் எழுதி எழுதிப் பரீட்சை தேறியிருந்தேன். அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஒருவரும் மீனவக் குப்பத்துப் பையன்களையும் ஆலைக் கூலிக்காரர் வீட்டுப் பையன்களையும் ஒரே அறையில் அடைத்துப் பார்த்தவர்கள் இல்லை.

வேலை ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்ல வார்த்தை எழுதினால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு. வீடென்றால் காலடிப்பேட்டையில் என் அண்ணனுடைய வீடு. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் தினமும் சாயங்காலம் நான் வாசல் ஏறும்போதே, "இன்னாம்மா, இன்னிக்கு யாரு யாரை அடக்குனாங்க?" என்று கேட்டுவிட்டுத் தன் கேள்விக்குத் தானே சிரிப்பான். "பொம்பளையால ஆவுற வேலையா அது? ஒரு வருஷம் ஆசைக்குப் போ. அப்புறம் உங்க அண்ணிக்கு ஒத்தாசையா இரு, நல்ல இடமா பாக்கறேன்" என்பான். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அந்த வேலை வேண்டும். என் சம்பளத்தைவிட, என் எதிர்காலத்தைவிட, அண்ணன் வாயை ஒருநாள் மூடவைக்க வேண்டும் என்ற வெறிதான் அப்போது என்னிடம் அதிகம் இருந்தது. இதை ஒப்புக்கொள்ள இன்று எனக்கு வெட்கமில்லை.

தலைமையாசிரியர் பொடி போடும் சாது மனிதர். யார் எது சொன்னாலும் அரைக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. மாலை மணி அடிக்கும்போது எப்போது பார்த்தாலும் ஒரு கையில் குடையும் மறு கையில் டிபன் கேரியருமாக வாசலில் தயாராக நிற்பார். இப்படியும் ஒரு நேரம் தவறாத மனிதரா என்று நான் மனதுக்குள் மெச்சியதுண்டு. அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "அந்த வகுப்பை அடக்கிக் காட்டும்மா. இன்ஸ்பெக்டர் முன்னாடி சத்தம் கிளம்பிச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைவிட இருபது வயது அதிகம், என்னைவிட இருபது மடங்கு குரல். "வருஷா வருஷம் பையன்கள் மோசமாகிக்கிட்டே வரானுங்க. போன வருஷப் பையன் இப்படியா இருந்தான்?" என்று அலுத்துக்கொள்வார். போன வருஷமும் அவர் இதையேதான் சொன்னார் என்று பள்ளிக்கூடத்து ஆயா சொன்னாள். அவர் எனக்குக் கொடுத்த மருந்து பிரம்பு. நானும் ஒன்று வாங்கினேன். முதல் நாள் கையை நீட்டச் சொன்னபோது வகுப்பே எழுந்து பிரசாதம் வாங்க வருகிறவர்கள் போல வரிசையில் நின்றது. அடி வாங்கியவன் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். என் தோள்தான் வலித்தது. மறுநாள் பிரம்பைக் காணோம். நாலாம் நாள் அது காற்றாடியின் முதுகெலும்பாகக் கடற்கரை மேல் பறந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். நன்றாகத்தான் பறந்தது.

சாக்பீஸ் டப்பாவைத் திறந்தால் நண்டு ஓடும். மேஜை இழுப்பறையில் நெத்திலிக் கருவாடு இருக்கும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே ரீங்காரம் செய்வார்கள். யார் என்று பார்க்க ஒரு வரிசைக்குப் போனால் அந்த வரிசை நின்று அடுத்த வரிசை தொடங்கும். இதற்கெல்லாம் தலைவன் ஒருவன் இருந்தான். முன்பல் பாதி உடைந்த குப்பத்துப் பையன். நான் கத்தும்போது அவன் மட்டும் எழுந்து, "தண்ணி குடி டீச்சர், தொண்டை இன்னாத்துக்கு ஆவும்?" என்பான். அவன் கேலி செய்கிறானா, நிஜமாகவே கவலைப்படுகிறானா என்று என்னால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. சில நாள் மத்தியான இடைவேளையில் கிணற்றடிக்குப் போய், வாளியை இறைக்கிற சாக்கில் அழுதிருக்கிறேன்.

இங்கே எங்கள் ஊர்ச் சங்குகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளியில் ஓடுகிற கடிகாரம் கிடையாது. சுவர்க் கடிகாரம் ஒன்று என்றோ நின்றுபோய் ஒன்பதேகாலைக் காட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மட்டுமில்லை, அந்தப் பக்கம் யாருக்கும் கடிகாரம் தேவைப்படவில்லை. சுற்றிலும் ஆலைகள். ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு சங்கு. காலையில் ஊதினால் அடுப்பு மூட்டுவார்கள், பன்னிரண்டுக்கு ஊதினால் சோறு, நாலுக்கு ஊதினால் டீக்கடைக்காரர் பாய்லரில் கரி அள்ளிப் போடுவார். ஆலைகள் எல்லாம் ஒரே நொடியில் ஊதுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். முதலில் எது ஊதுகிறதோ அதற்கு மணி அடிப்பது எங்கள் பியூனின் வழக்கம். பூவரச மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டின் கீழே முக்காலியில் உட்கார்ந்து தூங்குவார். சங்கு கேட்டதும் கண்ணைத் திறக்காமலே கை தானாகச் சுத்தியலை எடுத்து அடித்துவிடும்.

பொங்கல் கழிந்த சமயத்தில் என் கணக்குப் பாடம் முடியாமல் போக ஆரம்பித்தது. கணக்குதான் கடைசிப் பாடம். பலகையில் இரண்டு கணக்கு எழுதுவதற்குள் சங்கு ஊதும், மணி அடிக்கும், வகுப்பு ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் கொட்டிப் போய்விடும். எனக்குத்தான் பாடம் நடத்த இன்னும் கை பழகவில்லை, நேரம் போவதே தெரியவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். பாடக்குறிப்பு நோட்டில் மட்டும், நடத்த வேண்டிய பின்னக் கணக்கையெல்லாம் நடத்தி முடித்ததாக எழுதி வைத்தேன். எப்படியும் அடுத்த வாரம் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. அதே நாட்களில் ஒருநாள் சங்கு ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு மாதிரி அழுதது. ரோட்டில் போன மீன்காரக் கிழவி, "ஜப்பான்காரன் மறுக்கா வந்துட்டான்டா டோய்!" என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆயிருந்தது. நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேனே தவிர, ஏன் அப்படி ஊதியது என்று யோசிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வருவதற்குப் பத்து நாள் முன்பு வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். மத்தியானம் வராதவர்களுக்குச் சிவப்பு மையில் குறி போடுவேன். பக்கத்தைத் திறந்தால், மேலே இடது மூலையிலிருந்து கீழே வலது மூலைக்குச் சிவப்புக் குறிகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. முதல் நாள் முதல் பெயர், இரண்டாம் நாள் இரண்டாம் பெயர், மூன்றாம் நாள் மூன்றாம் பெயர். தினமும் மத்தியானம் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து லீவு கேட்பான், நானும் பாவம் என்று அனுப்பிவிடுவேன். வயிற்றுவலி என் வகுப்புக்குப் பெயர் வரிசைப்படி வந்திருக்கிறது. இதுவரை ஒருவரையும் விடவில்லை, ஒருவரிடமும் இரண்டு தரம் வரவில்லை.

மறுநாள் முப்பத்தொன்றாம் பெயர்க்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அனுப்பினேன். மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நானும் கிளம்பினேன். மணலில் செருப்பு புதைய நடந்தால், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் தெரிந்தன. குனிந்து பார்த்தேன். உள்ளே முப்பத்தொன்றாம் பெயர்க்காரன் ஓர் இரும்பு யந்திரத்தின் முன்னால் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். யுத்த காலத்தில், விமானம் வருகிறது என்று கையால் சுற்றி ஊதுவார்களே, அந்த அபாயச் சங்கு.

"இது எங்கேர்ந்துடா வந்தது?"

"மாமா காயலான் கடைல கெடந்துச்சு டீச்சர்." அவன் அழவில்லை. விளக்கம்தான் சொன்னான். "ஒரே சீரா சுத்துனா மில்லு சங்கு. ஏத்தி எறக்கி சுத்துனா குண்டு போடற சங்கு. மொத மொத ஒருத்தன் தப்பா சுத்திட்டான், கெயவி ஓடிச்சே, அன்னிக்கு. அப்புறம் எல்லாருக்கும் ட்ரெய்னிங் குட்த்துட்டோம்."

பயிற்சி. இரண்டு வருஷப் பயிற்சி எடுத்த எனக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிறான். முதலில் ஐந்து நிமிஷம் முந்தி ஊதியிருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை என்றதும் பத்து, இருபது என்று வளர்ந்து இப்போது நாற்பது நிமிஷம். பிறகு நிஜச் சங்குகள் ஊதும்போது, பின்தங்கிய ஆலை ஏதோ ஊதுகிறது என்று ஊரே நினைத்திருக்கிறது. என் வகுப்பு என்னை மட்டுமில்லை, பள்ளிக்கூடம் முழுவதையும் தினமும் நாற்பது நிமிஷம் முன்னதாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

யந்திரத்தைத் தூக்க முடியாது. கைப்பிடியைக் கழற்றி என் சாப்பாட்டுத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். நேரே தலைமையாசிரியரிடம் போகவேண்டும் என்றுதான் கிளம்பினேன். பாதி வழியில் கால் தயங்கிவிட்டது. ஒன்றரை மாதமாக ஒரு வகுப்பு ஊர்க் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறது, அந்த வகுப்பின் ஆசிரியை யார்? நான். இதை நானே போய்ச் சொல்லிவிட்டு வேலை நிரந்தரமாகும் என்று எதிர்பார்க்க முடியுமா? வகுப்புக்குத் திரும்பி வந்து, பையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கணக்கு நடத்தினேன். அன்று நிஜச் சங்கு ஊதும்வரை வகுப்பு நடந்தது. பின்னாலேயே ஓடிவந்து உட்கார்ந்த முப்பத்தொன்றாம் பெயர்க்காரனோடு சேர்த்து நாற்பத்து மூன்று பேரும் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணி அடித்ததும் உடைந்த பல் மட்டும் வந்து நின்றான். "டீச்சர், கைப்புடிய குட்த்துடு. இன்ஸ்பெட்டரு வர்றப்போ நாங்க கம்முனு குந்திகினு இருப்போம். ஆத்தா மேல சத்தியமா."

"கொடுக்கமாட்டேன். நீங்கள் கம்மென்று உட்காரவும் வேண்டாம். போ வெளியே!"

வீம்புக்குச் சொல்லிவிட்டேன். அன்றிரவு அண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது தட்டோடு எழுந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் மத்தியானம் இரண்டரைக்கு வந்தார். கோட்டு, தலைப்பாகை, சங்கிலி போட்ட பைக் கடிகாரம். அவர் என் நாற்காலியில் உட்கார, தலைமையாசிரியர் கதவோரம் வியர்த்துக்கொண்டு நின்றார். என் வகுப்பைப் பார்த்து நானே பயந்துபோனேன். பெஞ்சுகள் நகரவில்லை. ரீங்காரம் இல்லை. எல்லோர் தலையிலும் எண்ணெய் வழிந்தது. சத்தியத்தைக் காப்பாற்றுகிறார்களா, பெரிதாக எதற்கோ தயாராகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

பூகோளத்தில் கேள்வி கேட்டார். சென்னைத் துறைமுகத்தில் என்னென்ன இறங்குகின்றன என்று அவர் கேட்க, எந்தக் கப்பலில் கரி வந்தது, எதில் மரம் வந்தது, எந்தக் கிரேன் ரிப்பேர் என்பதுவரை சொன்னார்கள். அவர் முகம் மலர்ந்தது. "டிசிப்ளின் ரொம்ப நல்லாயிருக்கே" என்றார். நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் அவர் என் பாடக்குறிப்பு நோட்டைப் புரட்டினார். "ஓ, பின்னம் எல்லாம் முடிச்சாச்சா! சரி, ரெண்டு கணக்கு பார்ப்போம்."

அவரே சாக்பீஸை எடுத்து, மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று எழுதினார். எழுந்தவன் கொஞ்சமும் தயங்காமல், "ஒம்போதுல ரெண்டு சார்" என்றான். அடுத்தவனைக் கேட்டார். "அதுக்கும் மேல இருக்கும் சார்" என்றான், அவர் மனம் கோணக்கூடாது என்று. இன்ஸ்பெக்டர் நோட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "எல்லாரும் பலகையை எடுங்க. ஒவ்வொருத்தரா பார்க்கிறேன்."

என் கையெழுத்தில் என் பொய், அவர் கையில் விரிந்து கிடந்தது. வேலை போயிற்று என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அண்ணனின் சிரிப்புகூடக் காதில் கேட்டது. அப்போது முப்பத்திரண்டாம் பெயர்க்காரன் என் கண்ணில் பட்டான். அவன்தான் அந்த உடைந்த பல்.

"ஏண்டா, உனக்குக் காலையிலிருந்து வயிற்றுவலி என்றாயே, எப்படி இருக்கிறது?" என்றேன்.

அவன் விழித்தான். ஒரு நொடிதான். பிறகு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்தான். "ரொம்ப பேஜாரா கீது டீச்சர்."

பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த கைப்பிடியை எடுத்து அவனிடம் நீட்டினேன். "மருந்து வைத்திருக்கிறேன். உடனே கொண்டுபோய்ச் சாப்பிடு. நேரம் கடத்தாதே." இன்ஸ்பெக்டர், "குழந்தைங்ககிட்ட இந்த அன்பு வேணும்" என்று தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று பையன்கள் மூன்று தப்பு விடை சொல்வதற்குள் சங்கு ஊதியது. ஒரே சீராக, நீளமாக, ஆலைச் சங்கே தோற்றுப்போகும்படி ஊதியது. பியூனின் சுத்தியல் தண்டவாளத்தில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். உதறினார். காதில் வைத்துப் பார்த்தார். "மூணு இருபதுதான் காட்டறது. ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"சங்கு தப்பா ஊதாது சார்" என்றான் முதல் பெஞ்சுக்காரன், மிகுந்த மரியாதையோடு.

"அதுவும் சரிதான். நேத்துத்தான் ரிப்பேர்லேர்ந்து வந்தது, இந்தக் கடைக்காரனுங்களை நம்பவே கூடாது" என்று சொல்லிக்கொண்டே அவர் முள்ளைத் திருப்பி நாலு மணியில் வைத்தார். நாலேகாலுக்கு அவருக்கு ரயில். நின்றபடியே பார்வைப் புத்தகத்தில் எழுதினார். வகுப்பின் ஒழுங்கு மிக நன்று, ஆசிரியை மாணவரிடம் பரிவுள்ளவர், கணக்கை முழுதும் சோதிக்க நேரமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலடிக்கு ஓடினார். தலைமையாசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது கோபம் என்று நினைத்துத் தலை குனிந்துகொண்டேன்.

மறுநாள் கைப்பிடி என் மேஜைமேல், அதே துணியில் சுற்றி, துணி துவைத்து மடித்து இருந்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. திருட்டில் கூட்டுச் சேர்ந்தபிறகு அவர்களிடம் கத்த எனக்கு முகம் இல்லை. ஆகவே கத்தாமல் கேட்டேன். ஒரு மணி நேரப் பாடத்தில் நாற்பது நிமிஷத்தைத் திருடினால், திருடியது எத்தனை பங்கு? உடைந்த பல் விரலால் காற்றில் எதையோ எழுதிப் பார்த்துவிட்டு, "மூணுல ரெண்டு டீச்சர்" என்றான். அந்த மூணுல ரெண்டைத் தினமும் சங்கு ஊதியபிறகு உட்கார்ந்து திருப்பித் தரவேண்டும் என்றேன். முனகினார்கள், உட்கார்ந்தார்கள். வருஷம் முடிவதற்குள் என் வகுப்புக்குப் பின்னம் தண்ணீர்பட்ட பாடு. பெஞ்சு மட்டும் அவ்வப்போது நகர்ந்தது. எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்ல முடியுமா?

நிரந்தர உத்தரவு வந்த அன்று அண்ணன் காகிதத்தை இரண்டு தரம் படித்தான். "எப்படிம்மா அடக்குனே?" என்றான். "மருந்து கொடுத்து" என்றேன். அவன் வாய் மூடியது. ஒரு வருஷம் காத்திருந்த காட்சி அது. ஆசை தீரப் பார்த்தேன்.

அந்த வருஷத்தின் கடைசிப் பள்ளி நாள் காலையில் உடைந்த பல் ஒரு நோட்டின் பின்பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினான். வயிற்றுவலிப் பட்டியல். நாற்பத்து மூன்று பெயர்களுக்குக் கீழே, நாற்பத்து நான்காவதாக 'டீச்சர்' என்று எழுதியிருந்தது. "இன்னும் பதினோரு பேர் பாக்கி கீது. அவனுங்கல்லாம் வுட்டுக் குட்த்துட்டானுங்க. இன்னிக்கு உன் மொறை டீச்சர்."

திட்டத்தான் வாயெடுத்தேன். நாற்பத்து மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். மத்தியானம் பையில் கைப்பிடியோடு தலைமையாசிரியர் அறைக்குப் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "சார், வயிற்றுவலி. கொஞ்சம் சீக்கிரம் போகலாமா?" என்றேன்.

அவர் நிதானமாகப் பொடியை உறிஞ்சினார். ஜன்னல் வழியே கடற்கரைப் பக்கம் பார்த்தார். "போயிட்டு வாம்மா. ஆனா நாப்பது நிமிஷம் வேண்டாம். அன்னிக்கு அந்த மனுஷர் ரயில் வராம பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவர் கண்ணுல படாம நான் வேற வழியா சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதாப் போச்சு. இருபது போதும்" என்றார்.

மேஜைமேல் டிபன் கேரியர் கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது. குடை ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.